உறைமேல் முகவரி: மின்னஞ்சல் வடிகட்டி எதைப் படிக்கிறது?

பொருள் வரியில் ‘ஆஃபர்’ என்ற சொல் இருந்தால் கடிதத்தை நேரே குப்பைத்தொட்டிக்கு அனுப்பு என்று என் மின்னஞ்சலில் ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். துணிக்கடை, செருப்புக்கடை, எப்போதோ ஒரு முறை பீட்சா வாங்கிய கடை எல்லாம் ஒரே நாளில் ஓய்ந்தன. நிம்மதியாக இருந்தது. சில மாதங்கள் கழித்து அக்கா மகனுக்கு முதல் வேலை கிடைத்தது. கம்பெனி தந்த ஆஃபர் லெட்டரை எனக்கு அனுப்பி, ‘மாமா, ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று எழுதியிருக்கிறான். நான்கு நாள் கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, ‘பிள்ளைக்கு ஒரு வரி பதில் எழுதக்கூட உனக்கு நேரமில்லையா?’ என்று கேட்ட பிறகுதான் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். செருப்புக்கடைக்காரர்களுக்கு நடுவே அவன் கடிதம் கிடந்தது.

விதி நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது. வடிகட்டிக்கு அக்கா மகன் யார், கடைக்காரர் யார் என்று தெரியாது. கடிதத்தின் பொருளும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அந்த இடம் எது, பார்க்கும் விதம் எது என்ற இரண்டையும் புரிந்துகொண்டால் வடிகட்டி விதிகளில் பாதிக்குமேல் புரிந்துவிடும்.

கடிதத்தின் தலைப்பகுதி

தமிழ்வழியில் படித்தவர்களுக்குக் கடிதம் எழுதும் கேள்வி மறந்திருக்காது. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், நாள், இப்படிக்கு. கடைசியில் ஒரு பெட்டி போட்டு ‘உறைமேல் முகவரி’. பெட்டியை விட்டுவிட்டால் மதிப்பெண் போய்விடும். பெறுநர் என்று மேலேயே எழுதிவிட்டோமே, மறுபடி எதற்கு என்று அந்த வயதில் எனக்குச் சலிப்பாக இருக்கும். அதற்கான பதில் மின்னஞ்சலில்தான் எனக்குக் கிடைத்தது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திரையில் நாம் பார்க்கும் மின்னஞ்சல் அலங்காரம் செய்து காட்டப்படுவது. அதன் மூல வடிவம் வெறும் எழுத்து வரிகள். ஜிமெயிலில் கடிதத்தின் ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் மூலத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் கண்ட்ரோல், யு இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். மேலே வரிவரியாக ஒரு பகுதி, பிறகு ஒரே ஒரு வெற்று வரி, அதன்கீழ் கடிதத்தின் உடல். அந்த வெற்று வரிக்கு மேலே இருப்பது எல்லாம் தலைப்பகுதி. ஆங்கிலத்தில் ஹெடர் என்பார்கள். தமிழில் பலர் இதையும் ‘தலைப்பு’ என்றே எழுதுகிறார்கள், சப்ஜெக்டையும் ‘தலைப்பு’ என்கிறார்கள், இரண்டும் குழம்பிப்போகும். இந்தக் கட்டுரையில் ஹெடர் தலைப்பகுதி, சப்ஜெக்ட் பொருள்.

தலைப்பகுதியின் ஒவ்வொரு வரியும் ஒரு புலம். இடப்பக்கம் புலத்தின் பெயர், நடுவில் முக்காற்புள்ளி, வலப்பக்கம் அதன் மதிப்பு. மூலத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே தமிழெழுத்தில் தருகிறேன்:

ரிட்டர்ன்-பாத்: <திரும்பி@உதாரணம்.பரிட்சை>
டேட்: திங்கள், 3 மார்ச் 2025 09:12:40 +0530
ஃப்ரம்: விழாக்குழு <விழா@உதாரணம்.பரிட்சை>
டு: உறுப்பினர்கள் <அனைவரும்@உதாரணம்.பரிட்சை>
சப்ஜெக்ட்: ஞாயிறு கூட்டம்
லிஸ்ட்-ஐடி: <அனைவரும்.உதாரணம்.பரிட்சை>

(உதாரணம்.பரிட்சை நான் புனைந்த பெயரல்ல. பிறமொழி எழுத்துகளில் இணைய முகவரி வேலை செய்யுமா என்று சோதிக்க 2007இல் 11 சோதனைப் பெயர்களை இணையத்தில் சேர்த்தார்கள். அவற்றில் தமிழுக்கானது இது. இன்று புழக்கத்தில் இல்லை, அதனால் எடுத்துக்காட்டுக்குப் பாதுகாப்பானது.)

இந்த வடிவம் 1982இல் ஆர்எஃப்சி 822 என்ற ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது (இணையத்தின் நெறிமுறைகளை எழுதிவைக்கும் எண்ணிட்ட ஆவண வரிசைக்கு ஆர்எஃப்சி என்று பெயர்). இப்போது நடப்பில் இருப்பது 2008இல் வந்த 5322. அதன்படி கட்டாயமான புலங்கள் இரண்டே இரண்டு: நாளைச் சொல்லும் டேட், எழுதியவரைச் சொல்லும் ஃப்ரம். டு புலமே இல்லாமலும் கடிதம் வரலாம், பொருள் வரியே இல்லாமலும் வரலாம். ‘இந்தப் புலம் எப்படியும் இருக்கும்’ என்று நம்பி எழுதும் விதி ஒருநாள் கைவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

புலத்தின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டில்லை. நீளமான மதிப்பு அடுத்த வரிக்கு மடிந்து வரலாம்; அடுத்த வரி வெற்றிடத்தோடு தொடங்கினால் அது மேல்வரியின் தொடர்ச்சி. வடிகட்டி அதை ஒட்டவைத்து ஒரே வரியாகத்தான் படிக்கும்.

ஒப்பிடுவதில் மூன்று விதம்

எந்த மென்பொருளாக இருந்தாலும் விதி கேட்பது மூன்று கேள்விகள்: எந்தப் புலம், எப்படி ஒப்பிடுவது, எதோடு ஒப்பிடுவது. நடுவிலுள்ள கேள்வியைத்தான் எல்லோரும் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள்.

‘சீவ்’ என்று வடிகட்டி விதிகளுக்கென்றே ஒரு சிறுமொழி இருக்கிறது. சல்லடை என்று பொருள். 2001இல் முதலில் வரையறுக்கப்பட்டு 2008இல் திருத்தப்பட்டது. பல அஞ்சல் சர்வர்கள் இதைப் புரிந்துகொள்ளும். அதில் ஒப்பிடும் முறைகள் தெளிவாகப் பெயரிடப்பட்டிருக்கின்றன, மற்ற மென்பொருள்களில் இருப்பவையும் ஏறக்குறைய இவையே. முதலாவது ‘அப்படியே இருக்கிறது’: முழு மதிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது ‘உள்ளே இருக்கிறது’: மதிப்புக்குள் எங்காவது இருந்தால் போதும். மூன்றாவது வார்ப்பு: உடுக்குறி (*) போட்ட இடத்தில் எத்தனை எழுத்தும் வரலாம், கேள்விக்குறி போட்ட இடத்தில் ஒன்றே ஒன்று வரலாம்.

‘அப்படியே இருக்கிறது’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃப்ரம் புலத்துக்கு விழா@உதாரணம்.பரிட்சை என்று எழுதினால் மேலேயுள்ள கடிதம் பொருந்துமா? பொருந்தாது. அந்தப் புலத்தின் முழு மதிப்பில் ‘விழாக்குழு’ என்ற பெயரும், கோண அடைப்புக்குறிகளும் சேர்ந்தே இருக்கின்றன. இதற்காகவே சீவ் மொழியில் இரண்டு தனித்தனிச் சோதனைகள் உண்டு: ஒன்று புலத்தின் மதிப்பை உள்ளபடி பார்க்கும், மற்றொன்று பெயரைக் கழற்றிவிட்டு முகவரியை மட்டும் எடுக்கும். வேண்டுமானால் @ குறிக்கு இடப்பக்கம் மட்டும், அல்லது வலப்பக்கத்து டொமைன் மட்டும் என்றும் கேட்கலாம். சொடுக்கி எழுதும் விதிகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்திருக்கும்.

‘உள்ளே இருக்கிறது’ என்பது தாராளப் பேர்வழி. நண்பர் மணியின் கடிதங்களைத் தனியாக வைக்க நினைத்து, ஃப்ரம் புலத்துக்குள் ‘மணி’ இருந்தால் என்று எழுதுகிறீர்கள். மணிமேகலை வருவார், கண்மணி வருவார், சுப்பிரமணியன் வருவார், மணிகண்டன் குடும்பத்தோடு வருவார். சில சேவைகள் இதற்கு நேர்மாறு. ஜிமெயில் முழுச்சொற்களாகத் தேடுகிறது. சொல்லின் நடுத்துண்டைக் கொடுத்தால் அதற்குத் தெரிவதில்லை. ஒரே விதியை ஓரிடத்தில் எழுதி இன்னோர் இடத்தில் நகலெடுத்தால் வேறு விளைவு வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

தமிழில் விதி எழுதும்போது

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆங்கில உதவிக்குறிப்புகள் எவற்றிலும் இது இருக்காது.

பொருள் வரியில் ‘கூட்டம்’ என்ற சொல் உள்ளே இருந்தால் நட்சத்திரம் போடு என்று ஒரு விதி. ‘ஞாயிறு கூட்டம்’ மாட்டும். ‘ஞாயிறு கூட்டத்தில் பேசியவை’ மாட்டாது. தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் கடைசி உருமாறிவிடுகிறது. நமக்கு அது அதே சொல், வடிகட்டிக்கு வேறு எழுத்து வரிசை. மாறாத பகுதியை மட்டும் கொடுத்தால் சரியாகுமே என்று ‘கூட்ட’ என்று எழுதினால் கூட்டத்துக்கு, கூட்டத்தை எல்லாம் வந்துவிடும். கூடவே கூட்டணியும் வரும்.

கூட்டும் வரும் என்பதுதான் வேடிக்கை. ‘கூட்டு’ என்ற சொல்லில் இருப்பது ‘டு’, நாம் கொடுத்தது ‘ட’, எப்படிப் பொருந்தும்? நம் கண்ணுக்கு டு ஓர் எழுத்து. கணினி அதை ‘ட’ என்றும் உகரக் குறி என்றும் இரண்டாகச் சேமித்து வைக்கிறது. எழுத்துக்குறிகளை அப்படியே ஒப்பிடும் வடிகட்டிக்கு ‘கூட்ட’ முடிந்த இடத்தில் பொருத்தமும் முடிந்துவிட்டது. அடுத்து உகரம் வந்தால் என்ன, இகரம் வந்தால் என்ன? இதே காரணத்தால்தான் ‘கடல்’ என்று தேடினால் ‘கடலில்’ மாட்டுவதில்லை. கடைசி ‘ல்’ உண்மையில் ‘ல’வும் புள்ளியும். ‘கடலில்’ என்பதில் அந்தப் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி உட்கார்ந்துவிட்டது. ஆகவே தமிழ்ச் சொல்லுக்கு விதி எழுதும்போது கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு எழுதுவது நல்ல பழக்கம்.

இன்னொரு பொறி. ‘கொ’ என்பதை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்), இரண்டு விதமாக எழுதலாம்: க-வுடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி, க-வுடன் எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத மென்பொருளுக்கு அவை வெவ்வேறு. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தமிழ் விதி வேலை செய்யவில்லையென்றால், வந்த கடிதத்திலிருந்தே சொல்லை நகலெடுத்து விதியில் ஒட்டிப் பாருங்கள்.

தலைப்பகுதி ஆங்கில எழுத்துகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது என்பதால் தமிழ் அதற்குள் மாறுவேடத்தில்தான் பயணிக்கிறது. 1996இல் வந்த ஆர்எஃப்சி 2047 காட்டும் வழி இது: தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட், அது பேஸ்64 என்ற மாற்று முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நான்கு குறிகளாக மாறும். ‘வ’ என்பது 4, கே, 6, 1 என்று ஆகிவிடும். முன்னும் பின்னும் அடையாளக் குறிகள் சேர்த்த இப்படிப்பட்ட துண்டு ஒன்று 75 குறிகளைத் தாண்டக்கூடாது. அந்த அடையாளக் குறிகளைக் கழித்தால் தமிழுக்குக் கிடைப்பது பதினைந்து இடம். ‘திருவல்லிக்கேணி’ என்ற சொல்லைப் புள்ளி, கொம்பு, காலோடு எண்ணினால் சரியாகப் பதினைந்து. அதற்குமேல் ஒரு குறி வந்தாலும் அடுத்த துண்டுக்குப் போகும். சீவ் போன்றவை ஒப்பிடுவதற்கு முன் இந்த வேடத்தைக் கலைத்துவிடும். யூனிக்ஸ் கணினிகளில் நெடுநாள் கோலோச்சிய புரோக்மெயில் என்ற பழைய வடிகட்டி மென்பொருள் அப்படிச் செய்யாது. மூலத்தில் உள்ளதை உள்ளபடி பார்க்கும். அதில் தமிழ்ச் சொல்லைத் தேடி விதி எழுதினால் ஒரு கடிதமும் சிக்காது.

உறை வேறு, உள்ளே வேறு

இனி அந்தப் பெட்டி. தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் பெறுநர் யார் என்று பார்ப்பதில்லை. உறைமேல் முகவரி போதும். மின்னஞ்சலும் அப்படியே. ஒரு சர்வர் இன்னொன்றிடம் கடிதத்தைக் கொடுக்கும்போது ‘இது யாரிடமிருந்து, யாருக்கு’ என்று முதலில் தனியாகச் சொல்கிறது. அதுதான் உறை. பிறகுதான் தலைப்பகுதியும் உடலும் போகின்றன. உறையிலுள்ள முகவரியும் டு புலத்திலுள்ள முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மறைநகலாக, அதாவது பிசிசி போட்டு, உங்களுக்கு ஒரு கடிதம் வந்தால் உறையில் உங்கள் முகவரி இருக்கும், டு புலத்தில் இருக்காது. மேலே காட்டிய விழாக்குழுக் கடிதமும் அப்படித்தான்: டு புலத்தில் குழுவின் முகவரி, உறையில் ஒவ்வோர் உறுப்பினரின் முகவரி. ‘டு புலத்தில் என் முகவரி இல்லையென்றால் அது ஸ்பேம்’ என்று விதி எழுதி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். திருமண அழைப்பை நூறு பேருக்கு மறைநகலில் அனுப்பும் மாமாக்கள் அத்தனை பேரும் அந்த விதியில் மாட்டுவார்கள்.

வடிகட்டி படிப்பது பெரும்பாலும் உள்ளே இருப்பதைத்தான். உறை கடிதம் வந்து சேர்ந்ததும் கிழிந்து போய்விடுகிறது. அதன் ஒரு சுவடு மட்டும் ரிட்டர்ன்-பாத் என்ற புலமாகத் தலைப்பகுதியின் மேலே ஒட்டப்படுகிறது: உறையில் அனுப்புநர் என்று எழுதியிருந்த முகவரி அது. சீவ் மொழியில் உறையை நேரடியாகச் சோதிக்கவும் ஒரு வசதி உண்டு, சர்வர் அனுமதித்தால். வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ரிசீவ்ட் என்ற முத்திரையை உச்சியில் குத்துகிறது. ஆகவே பயணத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

குழுக் கடிதங்களைப் பிரிக்க டு, சிசி, பொருள் எல்லாவற்றையும் போட்டு ‘அல்லது, அல்லது’ என்று நீட்டுகிறவர்கள் உண்டு. அவ்வளவு பாடு வேண்டாம். லிஸ்ட்-ஐடி என்ற புலம் இதற்காகவே 2001இல் வந்தது. யார் எழுதினாலும், யாருக்கு நகல் போட்டாலும், பொருள் எத்தனை முறை மாறினாலும், அந்தக் குழுவின் வழியாக வந்த கடிதத்தில் அந்த அடையாளம் அப்படியே இருக்கும். ஜிமெயிலின் தேடலிலும் இதற்கென்று ‘லிஸ்ட்’ என்ற சொல் இருக்கிறது. எனக்குத் தெரிந்து பிழை மிகக் குறைந்த விதி இதுவே.

பிழை மிகுந்தது ஃப்ரம். அதில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், முக்கியமாகப் பெயர்ப் பகுதியில். ‘உள்ளே வங்கியின் பெயர் இருந்தால் முக்கியமானது, ஸ்பேமுக்கு விடாதே’ என்று ஒரு விதி எழுதினால், வங்கியின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டு எழுதும் மோசடிக்காரருக்கு நீங்களே வாசல் திறந்துவிட்டீர்கள். முகவரியைப் பார்த்தாலும் ‘உள்ளே இருக்கிறது’ போதாது: உதாரணம்.பரிட்சை என்பது பொய்உதாரணம்.பரிட்சை என்பதற்குள்ளும் இருக்கிறது. முகவரியை அப்படியே ஒப்பிட்டாலும் கடிதம் உண்மையிலேயே அந்த இடத்திலிருந்துதான் வந்ததா என்ற கேள்வி மிஞ்சும். அதை உங்கள் சர்வர் சரிபார்த்து, முடிவை ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் என்ற புலத்தில் எழுதுகிறது. ‘நம்பு’ என்று சொல்லும் விதிகளை எழுதாமல் இருப்பதே தொடக்கநிலையில் நல்லது. ‘ஒதுக்கி வை’ என்பது தவறினால் ஒரு கடிதம் தாமதமாகும், அவ்வளவுதான். ‘நம்பு’ என்பது தவறினால் பணம் போகும்.

பல நிபந்தனைகளைச் சேர்க்கும்போது ‘எல்லாம் பொருந்தினால்’, ‘ஏதாவது பொருந்தினால்’ என்ற இரண்டில் ஒன்றைக் கேட்பார்கள். இதில் ‘இல்லை’ என்பது புகுந்தால் கவனம். ‘அக்காவிடமிருந்து இல்லை, அல்லது தம்பியிடமிருந்து இல்லை’ என்று எழுதினால் உலகத்திலுள்ள எல்லாக் கடிதமும் பொருந்தும். அக்காவின் கடிதம் தம்பியிடமிருந்து வந்ததல்லவே. அங்கே ‘எல்லாம்’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விதிகளின் வரிசை அவுட்லுக்கில் முக்கியம்: மேலிருந்து கீழாகப் போகும், ‘இதோடு நிறுத்து’ என்றும் சொல்லலாம். ஜிமெயிலில் பொருந்தும் விதிகள் அனைத்தும் செயல்படும்.

அந்த ‘ஆஃபர்’ விதியை நான் அழித்துவிடவில்லை. கடைக்காரர்களின் கடிதத்தையும் அக்கா மகனின் கடிதத்தையும் அருகருகே மூலத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். பொருள் வரியில் இரண்டும் ஒன்று. ஆனால் கடைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் என்ற புலம் இருந்தது. சந்தாவை நிறுத்துவதற்கான முகவரியைத் தாங்கி நிற்கும் புலம் அது. ஜிமெயிலும் யாஹூவும் 2024 முதல் பெருமளவில் விளம்பரம் அனுப்புகிறவர்களிடம் இதைக் கேட்டு வாங்குகின்றன. மாமாவுக்குக் கடிதம் எழுதும் பையன் அதைப் போடமாட்டான். ஜிமெயிலின் வடிகட்டி இந்தப் புலத்தைத் தனியாகப் பார்க்க விடுவதில்லை; தண்டர்பேர்டில் விதி எழுதும் பெட்டியில் புலத்தின் பெயரை நாமே தட்டச்சு செய்து சேர்க்கலாம். இப்போதைய விதி: பொருளில் ‘ஆஃபர்’ இருக்க வேண்டும், லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் புலமும் இருக்க வேண்டும், இரண்டும் பொருந்தினால் ‘கடைகள்’ என்ற கோப்புறைக்குப் போ. குப்பைத்தொட்டிக்கு அல்ல. மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்புறையைத் திறந்து, பெயர்களை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, நானே கையால் காலி செய்கிறேன்.